கண்ணாடி நூலில் கண்ணுக்குத் தெரியாத கோடுகள்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருப்பது ஸ்ரீரங்கம் தீவு. அந்தத் தீவில் உள்ள திருவானைக்காவலில் 1888-ம் ஆண்டு நவம்பர் 7-ந் தேதி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அதுதான் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. ராமன்.

சென்னை மாநிலக் கல்லூரியில் படிக்கும்போதே, 18-வது வயதில், ராமன் தம் முதல் ஆராய்ச்சிக் கட்டுரையை எழுதினார். 1906-ல் அது லண்டன் விஞ்ஞானப் பத்திரிகை ஒன்றில் வெளிவந்தது. இடுக்கு வழியாகப் போகும் ஒளி ஓரத்தில் வளைந்து, பட்டை பட்டையாக விழும். அதைப் பற்றிய கட்டுரை அது.

ஒளியின் அந்தக் குணம் இன்று டெலிபோன் பேச்சைச் சுமக்கும் கண்ணாடி நூலுக்கும் பயன்படுகிறது.

ஒரே நூலில் பல வண்ணம்

கண்ணாடி நூலின் பருமன் ஒரு மில்லி மீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அந்த ஒரு நூலில் பல ஒளிகளை ஒன்றாக அனுப்புகிறார்கள். அவை நம் கண்ணுக்குத் தெரியாதவை. ஆனாலும் ஒவ்வொன்றும் ஒரு தனி 'வண்ணம்'. ஒவ்வொரு வண்ணமும் ஆயிரக்கணக்கான பேரின் பேச்சைச் சுமக்கிறது.

போய்ச் சேரும் இடத்தில் வண்ணங்களைப் பிரிக்க வேண்டுமே! பிரிக்காவிட்டால் ஒருவர் பேச்சு இன்னொருவர் பேச்சோடு கலந்துவிடும். பிரித்துத் தரும் கருவிகளில் ஒன்றுதான் கீற்றணி. கீற்றணி என்றால் நெருக்கமாகப் போட்ட கோடுகளின் வரிசை.

வீட்டில் பழைய சி.டி. தட்டு இருந்தால் விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வானவில் தெரியும். தட்டில் உள்ள நெருக்கமான வரிகளே அந்த வண்ணங்களைப் பிரித்துக் காட்டுகின்றன.

கோடு போடுவது எப்படி?

நூலுக்குள் கோடு போடக் கத்தி உதவாது. ஒளியே அங்கே எழுதுகோல்!

நூலின் நடுப்பகுதியில் ஜெர்மானியம் கலந்திருக்கும். புற ஊதாக் கதிர் பட்டால் அந்தக் கண்ணாடியின் குணம் சிறிது மாறும். முதலில் நூலின் மேலுறையை உரிக்கிறார்கள். நுண்ணிய பள்ளங்கள் வெட்டிய ஒரு தகட்டை நூலுக்கு மிக அருகில் வைக்கிறார்கள். அதன் வழியே புற ஊதாக் கதிரைப் பாய்ச்சுகிறார்கள். தகட்டில் வளைந்து பிரியும் கதிர்கள் மறுபடி சேர்ந்து, நூலுக்குள் வெளிச்சமும் இருளுமாக விழும். வெளிச்சம் பட்ட இடமெல்லாம் கோடு. மேசை சற்றே அதிர்ந்தாலும் கோடுகள் கலைந்துவிடும்.

ஒரு மில்லி மீட்டர் நீளத்தில் சுமார் 1,870 கோடுகள் என்றால் பாருங்கள்! ஒவ்வொரு கோடும் ஒளியில் மிகச் சிறிய பங்கையே திருப்பும். ஆனால் கோடுகளின் இடைவெளிக்குப் பொருந்திய ஒரே ஒரு வண்ணம் மட்டும் எல்லாக் கோடுகளிலும் சேர்ந்து பலமாகத் திரும்பி வரும். மற்ற வண்ணங்கள் நேரே போய்விடும்.

1978-ல் கனடா நாட்டில் கென்னத் ஹில் என்பவரும் அவரோடு இருந்தவர்களும் தற்செயலாகக் கண்டது இது. நூலுக்குள் லேசர் ஒளியை விட்டபோது, திரும்பி வரும் ஒளி நேரம் ஆக ஆகக் கூடியது. ஒளி தானே நூலுக்குள் கோடு போட்டிருந்தது!

வெயில் செய்யும் வம்பு

செயற்கை வைரக் கல்லுக்குப் பட்டை தீட்டுவதில் பேர் பெற்றது திருச்சி வட்டாரம். பட்டை பிசகினால் கல் மங்கும். கீற்றணியிலோ, வெயில் ஏறினாலே பிசகு வந்துவிடும். சூடு 40 டிகிரி கூடினால், திரும்பும் வண்ணம் அடுத்த வண்ணத்தை நோக்கிப் பாதி தூரம் நகர்ந்துவிடும். அதனால் நூலை இழுத்துப் பிடித்து, சூடு ஏறும்போது பிடியைத் தளர்த்தும் தாங்கியில் பொருத்துகிறார்கள்.

இந்தக் குறையே இன்னொரு வகையில் நன்மையாயிற்று. பாலத்தில் கீற்றணியைப் பதித்தால், பாரம் ஏறும்போது கோடுகளின் இடைவெளி மாறும். திரும்பும் வண்ணமும் மாறும். அதைக் கொண்டு, விரிசல் விழுமுன்பே பாலத்தின் நிலையை அறியலாம்.

கைகொடுக்கும் ராமன் விளைவு

நூலில் ஓடும் ஒளி சுமார் 15 கிலோ மீட்டரில் பாதியாகக் குறைந்துவிடும். நெடுந்தூரப் பாதைகளில் அதற்குப் பலம் கூட்டும் வழிகளில் ஒன்று, ராமன் 1928-ல் கண்ட 'ராமன் விளைவு'. வலுவான வேறோர் ஒளியை நூலில் அனுப்பினால், அது தன் சக்தியைப் பேச்சைச் சுமக்கும் ஒளிக்குக் கொடுக்கும்.

ராமன் 1970-ல் காலமானார். நெடுந்தூரம் ஒளியைக் கொண்டு போகத்தக்க கண்ணாடி நூலை அமெரிக்காவில் செய்து காட்டியதும் அதே ஆண்டில்தான். அந்த நூல் ஊர் ஊராக ஓடுவதைக் காண அவர் இல்லை. அவர் கண்ட உண்மை மட்டும் அதற்குள் வேலை செய்துகொண்டிருக்கிறது.