ஒரு நாழிகை வழி

"ஆவூருக்கு இன்னும் எவ்வளவு தூரம்?" என்று வழியில் கேட்டால், "கால் மணி நேரத்துல போயிறலாங்க" என்பார்கள். கேட்டது தூரம், கிடைத்தது நேரம். பழைய வழக்கம்தான் இது. ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம், நடந்து கடக்கும் தொலைவுக்கு 'நாழிகை வழி' என்றே பெயர் இருந்தது.

ஐன்ஸ்டைனுக்கு ஒருகாலத்தில் கணிதம் கற்பித்த ஹெர்மன் மின்கோவ்ஸ்கியும் 1908இல் கொலோன் நகரில் இதைத்தான் செய்தார், நடைக்குப் பதில் ஒளியை வைத்து. நடை ஆளுக்கு ஆள் மாறும். ஒளியை யார் அளந்தாலும் நொடிக்கு 3 லட்சம் கி.மீ. அப்படியானால் ஒரு நொடியையே 3 லட்சம் கி.மீ. நீளமாகக் கொள்ளலாமே! இடத்தின் மூன்று பரிமாணங்களோடு காலத்தையும் இப்படிக் கோத்தால் கிடைப்பது காலவெளி.

நான்கு பரிமாணங்களை யாராலும் மனக்கண்ணில் பார்க்க முடியாது. இரண்டு போதும்.

ஆவூர் பெரியநாயகி அன்னை ஆலயத்துக்கு அருகே ஒரு சிறுவன் பந்தை மேலே எறிகிறான். 4.9 மீட்டர் உயர்ந்து, இரண்டே நொடியில் கைக்குத் திரும்புகிறது. உயரத்தை நிமிர்ந்த கோட்டிலும் நேரத்தைப் படுத்த கோட்டிலும் குறித்தால் ஒரு வளைவு கிடைக்கும். அதன் உயரம் 4.9 மீட்டர், அகலமோ 6 லட்சம் கி.மீ., நிலவுக்குள்ள தொலைவைப்போல ஒன்றரை மடங்கு! கிட்டத்தட்ட நேர்கோடு. பந்தைப் பூமி இழுக்கவில்லை, வளைந்த காலவெளியில் அது தன்போக்கில் நேராகவே போகிறது என்பது 1915இல் ஐன்ஸ்டைன் தந்த விளக்கம். ரப்பர் விரிப்பில் இரும்புக் குண்டு குழி பறிக்கும் படத்தைப் பலரும் பார்த்திருப்பார்கள். அழகான படம்தான், ஆனால் அதில் காலமே இல்லை. பந்து விழுவதற்குக் காரணமோ பெரும்பாலும் காலத்தின் வளைவு.

அந்த வளைவைக் கடிகாரத்தில் பார்க்கலாம். ஆவூரில் ஓர் அணுக்கடிகாரம், 2,343 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் இன்னொன்று என்று வைத்தால், மலைக்கடிகாரம் நாளொன்றுக்குச் சுமார் 20 நானோநொடி முந்தும். ஒரு நொடியை நூறு கோடிக் கூறிட்டு, அதில் இருபது.

அணுக்கடிகாரம் பிறக்கும் முன்பே அதே கொடைக்கானல் ஆய்வகத்தின் பொறுப்பாளர் ஜான் எவர்ஷெட் சூரியனைக் கடிகாரமாக்கினார். ஐன்ஸ்டைன் சொன்னபடியானால் சூரியப் பரப்பில் காலம் ஆண்டுக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகமாகப் பின்தங்கவேண்டும். அதனால் அங்கிருந்து வரும் ஒளியின் நிறமாலைக் கோடுகள் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு சிவப்புப் பக்கம் நகரவேண்டும். கோடுகள் நகர்ந்தன. ஆனால் வாயு ஓட்டத்தாலும் அப்படி நகரலாமே என்ற ஐயம் அவரை விடவில்லை. சூரியனின் மறுபக்கத்தையும் சோதிக்க, வெள்ளிக் கோளில் பட்டுத் திரும்பும் வெயிலைக்கூட அளந்தார். 1923இல், ஆய்வகப் பொறுப்பிலிருந்து ஓய்வுபெற்ற அதே ஆண்டில், ஐன்ஸ்டைன் பக்கம் சாய்ந்தார்.