பாட்டிக்காகப் பேத்தி செய்த கருவி!

அமெரிக்க நாட்டில் ஜெஃப் ஹாக்கின்ஸ் என்று ஒரு என்ஜினீயர். 1990-களில் அவர் ஒரு விசித்திரமான காரியம் செய்தார். சட்டைப் பையில் அடங்கும் அளவில் ஒரு மரக்கட்டையைச் செய்துகொண்டார். போகும் இடமெல்லாம் அதைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

யாராவது சந்திக்க நேரம் கேட்டால், உடனே கட்டையை வெளியே எடுப்பார். ஒரு குச்சியால் அதன் மேல் எழுதுவது போலப் பாவனை செய்வார்!

பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ! ஆனால் அவர் விளையாடவில்லை. கையடக்கமான கம்ப்யூட்டர் ஒன்றைச் செய்ய நினைத்தார். எந்த அளவில் இருந்தால் பையில் உறுத்தாது? எதற்காக அதை அடிக்கடி வெளியே எடுக்க நேரும்? இதை அறியத்தான் கட்டையைச் சுமந்தார்.

1996-ம் ஆண்டில் 'பைலட்' என்ற பெயரில் அந்தக் கருவி விற்பனைக்கு வந்தது. அமோகமாக விற்றது. அந்த மரக்கட்டை கலிபோர்னியாவில் உள்ள கம்ப்யூட்டர் வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது!

செல்போன், பணம் எடுக்கும் எந்திரம், பஸ் கண்டக்டர் கையில் உள்ள டிக்கெட் மெஷின் எல்லாமே இப்படி யாரோ உட்கார்ந்து யோசித்தவைதான். பொத்தான் எங்கே இருக்க வேண்டும்? எழுத்து எவ்வளவு பெரிதாக வேண்டும்? தொட்டவுடன் என்ன வர வேண்டும்? இதைத் தீர்மானிப்பதற்குத்தான் வடிவமைப்பு என்று பெயர்.

அதற்கு ஒரு மரக்கட்டையே போதும் என்றால், வீட்டில் உள்ள குழந்தைக்கும் சொல்லிக் கொடுக்கலாம் அல்லவா?

ஆமை ஓட்டிய விஞ்ஞானி

குழந்தைக்குக் கம்ப்யூட்டரா என்று மலைக்க வேண்டாம். சீமோர் பாப்பர்ட் என்ற விஞ்ஞானி அந்தக் காலத்திலேயே இதை யோசித்தார். 1967-ல் அவரும் நண்பர்களும் 'லோகோ' என்ற கம்ப்யூட்டர் மொழியை உருவாக்கினார்கள். "முன்னே போ, திரும்பு" என்று குழந்தை கட்டளை இடும். ஆமை என்று பெயரிட்ட ஒரு சிறு எந்திரம் அதன்படி ஊர்ந்து படம் போடும். கம்ப்யூட்டர் சொல்கிறபடி குழந்தை நடக்கக்கூடாது, குழந்தை சொல்கிறபடி கம்ப்யூட்டர் நடக்க வேண்டும் என்பது அவருடைய கட்சி.

2016-ல் இங்கிலாந்தின் பி.பி.சி. நிறுவனம் 'மைக்ரோபிட்' என்ற கருவியைப் பள்ளிக்கூடங்கள் வழியாக லட்சக்கணக்கான சிறுவர் சிறுமியருக்கு இலவசமாகவே கொடுத்தது. நீளம் 5 சென்டி மீட்டர், அகலம் 4 சென்டி மீட்டர். முன்பக்கம் இரண்டு பொத்தான்கள், 25 குட்டி விளக்குகள். அவ்வளவுதான்! இன்று கடையில் காசு கொடுத்து யாரும் வாங்கலாம்.

"மறப்பது அது இல்லை, கண்ணு!"

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். ஆறாம் வகுப்புப் படிக்கும் சிறுமி. ரத்த அழுத்தத்துக்குத் தினமும் காலையில் மாத்திரை சாப்பிடும் பாட்டி. பாட்டிக்கு ஒரு கருவி செய்ய வேண்டும் என்று சிறுமிக்கு ஆசை. மணி அடிக்க வேண்டும், பூப் படம் வர வேண்டும், பாட்டுப் பாட வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதிவிட்டாள்.

"முதலில் பாட்டியிடம் கேட்டாயா?" என்றார் அப்பா.

கேட்டாள். பாட்டி சிரித்தார்.

"மாத்திரை சாப்பிட எனக்கு மறக்கிறதில்லை, கண்ணு. சாப்பிட்டேனா இல்லையா என்பதுதான் மறந்து போகிறது!"

சிறுமி எழுதிய ஒரு பக்கமும் வீண்! மணியும் வேண்டாம், பாட்டும் வேண்டாம். சாப்பிட்டாகிவிட்டது என்று காட்டும் ஓர் அடையாளம் போதும். சாப்பிட்டதை மறந்து மறுபடியும் ஒன்றை விழுங்கினால் ஆபத்து அல்லவா?

பழைய நோட்டு அட்டையை வெட்டினாள். பேனாவால் இரண்டு பொத்தான் வரைந்தாள். இடது பொத்தானை அழுத்தினால் 'சரி' அடையாளம் வரும். வலது பொத்தானை அழுத்தினால் அது அழியும். விளக்குக்குப் பதில் காகிதத் துண்டு. பாட்டி அழுத்த அழுத்த, சிறுமியே காகிதத்தை மாற்றி வைக்க வேண்டும். இதற்கு ஒரு பைசா செலவு இல்லை.

இந்த இடத்தில் பெரியவர்களுக்குத்தான் பொறுமை வேண்டும். கருவியைப் பாட்டியின் கையில் கொடுத்துவிட்டு எல்லோரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும்! "அங்கே இல்லை, இங்கே" என்று யாரும் சொல்லக்கூடாது.

பாட்டி முதலில் காகிதத்தையே அழுத்தினார். பிறகு இடது பொத்தானை அழுத்தினார். சரி அடையாளம் வந்தது. "இது எதற்கு?" என்று வலது பொத்தானையும் அழுத்திவிட்டார். அடையாளம் அழிந்து போயிற்று!

"ஐயோ பாட்டி, தப்பு!" என்று சிறுமி கத்தினாள்.

"தப்பு பாட்டியுடையதா, உன் கருவியுடையதா?" என்று அப்பா கேட்டார்.

சிறுமிக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் யோசித்தாள். அடையாளம் அழிந்தால் பாட்டி இன்னொரு மாத்திரையை எடுத்து விழுங்கிவிடுவாரே! பாட்டி எதை அழுத்தினாலும் அழியாதபடி அல்லவா அது இருக்க வேண்டும்?

ஒரே பொத்தான்

அதன் பிறகுதான் கம்ப்யூட்டரைத் திறந்தார்கள். 'மேக்கோடு' என்பது மைக்ரோசாப்ட் கம்பெனி இலவசமாகத் தரும் வசதி. அதில் கட்டளைகள் வண்ணக் கட்டைகளாக இருக்கும். ஒன்றோடு ஒன்றைப் பொருத்த வேண்டியதுதான். பொத்தானை அழுத்தினால் சரி அடையாளம் காட்டு என்பதற்கு இரண்டே கட்டைகள்! எத்தனை முறை அழுத்தினாலும் அதே அடையாளம்தான் வரும்.

வலது பொத்தானுக்கு வேலையே கிடையாது. அட்டையால் ஓர் உறை செய்து அதை மறைத்துவிட்டாள். இடது பொத்தானைச் சுற்றிச் சிவப்புக் காகிதம் ஒட்டினாள். சரி, மறுநாள் காலையில் அடையாளத்தை அழிப்பது எப்படி? கருவியின் பின்பக்கம் ஒரு சிறு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் எல்லாம் முதலில் இருந்து தொடங்கும். அது சிறுமியின் வேலை, பள்ளிக்கூடம் போகும் முன்பு.

ஒன்று மட்டும் கவனம். மின்கலம் தீர்ந்தால் அடையாளமும் போய்விடும். குழந்தை செய்த கருவியை நம்பி மருந்தைத் தீர்மானிக்கக் கூடாது. கிழமை எழுதிய மாத்திரைப் பெட்டி பக்கத்திலேயே இருக்கட்டும். பெரியவர் ஒருவரின் கண்ணும் இருக்கட்டும்.

கருவி வாங்க வசதி இல்லாதவர்கள் வருந்த வேண்டாம். மேக்கோடில் மைக்ரோபிட்டின் படம் திரையிலேயே வரும். அதன் பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும். கம்ப்யூட்டரே இல்லாத வீட்டில் அட்டையும் காகிதமும் உண்டு.

மறுபடியும் சோதனை நடந்தது. பாட்டி மாத்திரையை விழுங்கினார், சிவப்புப் பொத்தானை அழுத்தினார், அடையாளத்தைப் பார்த்தார், எழுந்து தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். ஒரு வார்த்தை கேட்கவில்லை! சிறுமிக்குத் தலைகால் புரியவில்லை.

பக்கத்து வீட்டுத் தாத்தா வந்து பார்த்தார். "எனக்கும் ஒன்று செய்து கொடம்மா" என்றார். அவருக்கு மூன்று வேளை மாத்திரை. காலையில் ஒன்று, மத்தியானம் இரண்டு, இரவில் ஒன்று. ஒரு சரி அடையாளம் எப்படிப் போதும்?

சிறுமி மறுபடியும் நோட்டு அட்டையைத் தேட ஆரம்பித்தாள்.