மூளை வாசலில் ஒரு காவல்காரன்!

"நேத்து கல்யாணச் சாப்பாடு... காலையிலேர்ந்து அஞ்சு தடவை போயாச்சு. அந்த மாத்திரை ஒண்ணு இருக்கா பாரு!"

பல வீடுகளில் கேட்கிற வசனம்தான் இது. 'அந்த மாத்திரை' என்பது பெரும்பாலும் லோபரமைடு. ஒன்று போட்டால் வயிறு அடங்கிவிடும். ஆனால், இது மார்ஃபினுக்குச் சொந்தக்காரன் என்றால் நம்புவீர்களா? இரண்டுமே 'ஓபியாய்டு' எனப்படும் அபின் வகை மருந்துகள்!

"ஐயையோ, அப்படின்னா போதை ஏறாதா?"

டாக்டர் சொன்ன அளவில் சாப்பிட்டால் ஏறாது. காரணம், மூளையின் வாசலில் நிற்கும் காவல்காரன்!

மூளைக்கு ஒரு வேலி

மூளையின் மெல்லிய ரத்தக்குழாய்களில் செல்கள் இடைவெளியே இல்லாமல் நெருக்கமாக ஒட்டியிருக்கும். ரத்தத்தில் வருவதெல்லாம் மூளைக்குள் புகுந்துவிட முடியாது. 1885-ல் ஜெர்மன் விஞ்ஞானி பால் எர்லிக், விலங்குகளின் ரத்தத்தில் சாயம் ஏற்றிப் பார்த்தார். மற்ற உறுப்புகள் நிறம் மாறின. மூளை மட்டும் மாறவில்லை. இந்த வேலிக்குப் பெயர் 'ரத்த-மூளைத் தடுப்பு'.

கொழுப்பில் கரையும் பொருட்கள் இந்த வேலியைச் சுலபமாகத் தாண்டும். மார்ஃபின் கொழுப்பில் அவ்வளவாகக் கரையாது, மெதுவாகத்தான் நுழையும். அதில் சின்ன ரசாயன மாற்றம் செய்தால் கிடைப்பது ஹெராயின். அது விறுவிறுவென்று மூளைக்குள் புகுந்து, அங்கே மார்ஃபினாக மாறிவிடும். அதன் ஆபத்துக்கு இந்த வேகமும் ஒரு காரணம்.

லோபரமைடும் கொழுப்பில் நன்றாகக் கரையக்கூடியதுதான். ஆனால், வேலியில் 'பி-கிளைகோபுரோட்டீன்' என்றொரு புரதம் பம்ப் மாதிரி வேலை செய்கிறது. உள்ளே காலெடுத்து வைத்ததுமே லோபரமைடைப் பிடித்து ரத்தத்துக்கே திருப்பித் தள்ளிவிடும். அதனால் மருந்தின் வேலை குடலோடு நின்றுவிடுகிறது. குடலின் ஓட்டம் குறைந்து, போக்கு கட்டுப்படுகிறது.

காவல் தளர்ந்தால்?

குவினிடின் என்ற இதய மருந்து இந்தப் பம்பைத் தடுக்கும். ஆரோக்கியமானவர்களுக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2000-ல் வெளியானது. லோபரமைடு மூளையை எட்டி, சுவாசத்தை மந்தப்படுத்தியது தெரியவந்தது! அதனால் வேறு மாத்திரைகள் சாப்பிடுபவர்கள், டாக்டரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். அளவு மிகவும் மீறினால் இதயத்துடிப்பும் தாறுமாறாகும் என்று 2016-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது.

குழந்தைக்கு வேண்டவே வேண்டாம்

"பெரியவங்க மாத்திரைதானே, பாதி உடைச்சுக் கொடுத்தா என்ன?" என்று நினைக்காதீர்கள். குழந்தைகளுக்கு இது மயக்கத்தையும் சுவாசத் தடையையும் உண்டாக்கலாம்; குடல் அசைவே நின்றுபோகலாம். இரண்டு வயதுக்குள் கொடுக்கவே கூடாது. குழந்தைகளுக்கான லோபரமைடு மருந்துகளை 1990-ல் பாகிஸ்தான் தடை செய்தது.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் முதலில் தேவை உப்பு-சர்க்கரைக் கரைசல். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். மலத்தில் ரத்தம், ஜுரம், அசதி, சிறுநீர் குறைவது... இதில் எது இருந்தாலும் உடனே டாக்டரிடம் போய்விடுங்கள். மலத்தில் ரத்தமோ, கடும் ஜுரமோ இருந்தால் பெரியவர்களும் இந்த மாத்திரையைத் தொடக்கூடாது.

காவல்காரன் இருக்கிறான் என்ற தைரியத்தில், டப்பாவைத் திறந்தே வைத்துவிடாதீர்கள். அதைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைப்பது உங்கள் பொறுப்பு!