முதல்ல ஆளைப் பிடி... அப்புறம் மீனைப் பிடி!

சின்ன வயசுல அம்மா தினமும் காலையில வாயில போட்டு விடுவாங்களே, மஞ்சள் கலர்ல கோலிக்குண்டு மாதிரி ஒரு மாத்திரை... ஞாபகம் இருக்கா பாஸ்? தெரியாத்தனமா கடிச்சு வெச்சுட்டா அன்னிக்கு முழுக்க ஏப்பத்துல மீன் வாசனைதான்! அந்த எண்ணெய்க்குச் சொந்தக்காரர்தான் இந்த வார ஹீரோ. பெயர்: காட். ஷூட்டிங் ஸ்பாட்: நார்வே நாட்டின் லொஃபோடன் தீவுகள்.

வடக்கே பேரண்ட்ஸ் கடலில் வளரும் காட் மீன்கள், ஜனவரி முதல் ஏப்ரல் வரை முட்டையிடுவதற்காகக் கூட்டம் கூட்டமாக இங்கே வருகின்றன. உள்ளூர்க்காரர்கள் இதை 'ஸ்க்ரை' என்கிறார்கள். மீன் வந்தால் மனுஷன் சும்மா இருப்பானா? மீன்பிடி படகுகளோடு, தூண்டிலும் கையுமாக வெளியூர்க்காரர்களும் வந்து இறங்குகிறார்கள். ஸ்வோல்வார் என்ற ஊரில் இதற்கு உலக சாம்பியன்ஷிப் போட்டியே உண்டு. 1991-ல் ஆரம்பித்தது!

சரி, வாடகைப் படகு ரெடி, தூண்டில் ரெடி, நீங்களும் ரெடி. கிளம்பிடலாமா? அவசரப்படாதீங்க. கடல் உங்களுக்குப் புதுசு. சீஸனோ குளிர்காலம்.

அழகுதான் ஆபத்து

லொஃபோடன் இருப்பது ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே. ஆனாலும் துறைமுகம் உறைவதில்லை. அட்லாண்டிக்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரோட்டம்தான் காரணம். பனி மூடிய மலை, சிவப்பு மர வீடுகள், அமைதியான தண்ணீர்... வால்பேப்பர் மாதிரி இருக்கும். "இவ்வளவுதானா!" என்று தோன்றும். அங்கேதான் மேட்டரே இருக்கிறது.

வெதுவெதுப்பு என்றால் நம்ம மெரினா மாதிரி இல்லை மக்களே. தண்ணீரின் வெப்பநிலை 5 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அதில் தவறி விழுந்தால் என்ன ஆகும்? குளிர்ந்த நீரைப் பற்றி ஆராய்ச்சி செய்த கனடா விஞ்ஞானி கோர்டன் கீஸ்ப்ரெக்ட், ஈஸியா ஒரு ஃபார்முலா சொல்லியிருக்கிறார்: 1–10–1.

முதல் 1 நிமிஷம், அதிர்ச்சியில் மூச்சு தாறுமாறாக வாங்கும். அதைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். அடுத்த 10 நிமிஷம்தான் கை, கால் சொன்னபடி கேட்கும். அதற்குள் படகில் ஏறியாக வேண்டும். ஏற முடியாவிட்டாலும், நினைவு தப்ப சுமார் 1 மணி நேரம் ஆகும். ஆனால், அந்த ஒரு மணி நேரம் லைஃப் ஜாக்கெட் போட்டவருக்குத்தான். கை, கால் மரத்துப்போன பிறகு எப்பேர்ப்பட்ட நீச்சல் வீரரும் மிதக்க முடியாது. 8 மீட்டருக்குக் குறைவான படகு ஓடும்போது, வெளியே நிற்பவர்கள் லைஃப் ஜாக்கெட் போட்டே ஆக வேண்டும் என்று 2015-ல் நார்வே சட்டம் கொண்டு வந்தது சும்மா இல்லை!

மீன் எங்கேப்பா?

இனி கொஞ்சம் ஃபிஸிக்ஸ். பயப்படாதீங்க, எக்ஸாம் இல்லை!

குளிர்காலத்தில் இந்தக் கடலின் மேல் தண்ணீர் ரொம்பக் குளிர்ச்சி. அடித் தண்ணீர் கொஞ்சம் வெதுவெதுப்பு. இரண்டும் சந்திக்கும் அடுக்கில்தான் முட்டையிட வந்த காட் கூட்டம் நிற்கும். அந்த அடுக்கு சில நாள் மேலே இருக்கும், சில நாள் ஆழத்தில் இறங்கிவிடும். 1935-ல் ஆஸ்கர் சுண்ட் என்ற நார்வே விஞ்ஞானி, இதே கடலில் ஒலி அலையை அனுப்பி, அது மீன் கூட்டத்தில் பட்டுத் திரும்புவதைக் காகிதத்தில் கோடுகளாகப் பதிவு செய்து காட்டினார். இன்று வாடகைப் படகின் ஸ்க்ரீனில் புள்ளி புள்ளியாக மீன் தெரிகிறதே, அந்த டெக்னிக்குக்கு அவர் ஒரு முன்னோடி.

புள்ளி தெரிந்ததா? பளபளவென்று மீன் வடிவத்தில் இருக்கும் கனமான உலோகத் தூண்டிலை அந்த ஆழம் வரை இறக்கி, மெதுவாக ஏற்றி ஏற்றி இறக்க வேண்டும். காற்று படகைத் தள்ளிக்கொண்டே போனால் நூல் சாய்ந்துவிடும். அதற்கும் வழி உண்டு. பாராசூட் மாதிரி ஒரு துணிப்பையைத் தண்ணீருக்குள் விட்டால் படகு வேகம் குறையும்.

இன்னொரு விஷயம். 100 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல 11 மடங்கு. சரசரவென்று மேலே இழுத்தால் மீனுக்குள் இருக்கும் காற்றுப்பை உப்பிவிடும். பாயில்ஸ் லா! அப்புறம் 'பாவம்'னு திரும்ப விட்டாலும் அது பிழைக்கும் என்று சொல்ல முடியாது. அதனால், தேவையானது கிடைத்ததும் தூண்டிலைச் சுருட்டிவிடுவதுதான் நியாயம்.

மெஷின் சொல்லாத ரகசியம்

ஸ்க்ரீன் படகுக்குக் கீழே இருப்பதைக் காட்டும். படகுக்கு முன்னால் வரப்போவதை?

இங்கே மீன் பிடிக்கும் வெஸ்ட்ஃபியோர்டு கடல், தென்மேற்குப் பக்கம் அகலமாகத் திறந்து கிடக்கிறது. அங்கிருந்து காற்று கிளம்பினால் அலை மலையாக எழும்பும். மலைகளின் இடுக்கில் காற்று புனல் வழியாகப் பாய்வது போலப் பாயும். இன்னும் தெற்கே போனால் மொஸ்க் நீரோட்டம். எட்கர் ஆலன் போ 1841-ல் கதையே எழுதிய சுழல்! கடல் ஏறி இறங்கும் நேரத்தைப் பொறுத்து அதன் வேகம் மாறும். எப்போது போகலாம், எந்த நேரத்தில் திரும்பியே ஆக வேண்டும் என்பதெல்லாம் அங்கேயே பிறந்து வளர்ந்தவருக்குத்தான் அத்துப்படி. கரையிலுள்ள மலை முகட்டையும் சர்ச் கோபுரத்தையும் கோடு பிடித்து, நடுக்கடலில் இடம் கண்டுபிடிப்பவர்கள் அவர்கள். நம்ம குமரி மாவட்ட மீனவர்கள் கையாளும் அதே வித்தைதான்!

இதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. 1431-ல் கிரீட் தீவிலிருந்து கிளம்பிய வெனிஸ் வியாபாரி பியெத்ரோ குவெரினியின் கப்பல் புயலில் சிக்கியது. 68 பேரில், 1432 ஜனவரியில் லொஃபோடன் பக்கம் ரோஸ்ட் அருகே கரை ஒதுங்கிப் பிழைத்தவர்கள் 11 பேர்தான். அவர்களைக் கண்டுபிடித்து, வீட்டில் வைத்து, மாதக்கணக்கில் சோறு போட்டவர்கள் உள்ளூர் மீனவர்கள். குவெரினி ஊருக்குத் திரும்பி, காற்றில் காயவைத்த காட் கருவாட்டைப் பற்றிச் சொன்னார். இன்றுவரை அந்தக் கருவாட்டின் பெரிய கஸ்டமர் இத்தாலிதான்!

கிளம்பும் முன் செக் பண்ணுங்க

* லைஃப் ஜாக்கெட், மிதக்கும் சூட்: கையில் அல்ல, உடம்பில்!
* காலையில் ஒரு முறை, ஏறும் முன் ஒரு முறை வானிலை அறிக்கை.
* எங்கே போறீங்க, எப்போ வருவீங்க: கரையில் ஒருவருக்குத் தெரிய வேண்டும்.
* ரேடியோவில் சேனல் 16 பிடிக்கத் தெரியணும். செல்போனை மட்டும் நம்பக் கூடாது.
* முதல் நாள், உள்ளூர் ஆள் ஒருவர் படகில் இருக்கட்டும்.

அந்த உள்ளூர் ஆள் "இன்னிக்கு வேண்டாம்"னு சொன்னா? ஃப்ளைட் டிக்கெட் செலவு, லீவு, ஃப்ரெண்ட்ஸ்கிட்ட விட்ட பில்டப் எல்லாம் கண் முன்னால் வரும். பரவாயில்லை, காபி குடிச்சிட்டு அறையிலேயே இருங்க. நாளைக்கும் மீன் இருக்கும்.

அந்த 'நாளைக்கும்' கூட சும்மா வந்துவிடாது. இந்தக் காட் கூட்டத்துக்கு நார்வேயும் ரஷ்யாவும் சேர்ந்து வைத்த பிடி அளவு 2021-ல் 8,85,600 டன். 2025-ல் அது 3,40,000 டன்னாகக் குறைந்தது. 'போதும்' என்று நிறுத்தத் தெரிந்தால்தான் அடுத்த சீஸன்.

படகைத் திருப்பத் தெரிந்தவன்தான் நல்ல மீன்பிடிக்காரன். வெறும் கையோடு கரைக்கு வந்தால் வெட்கம் ஒண்ணும் இல்லை பாஸ்... வந்துட்டீங்கல்ல, அதுதான் பெரிய கேட்ச்!