வினிகருக்கு மசியாத படலம்

டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் ஆன்டனி வான் லீவன்ஹூக் 1683-ல் தம் பல்லிடுக்கில் இருந்த வெள்ளைப் பசையைச் சுரண்டி, மழைநீரில் கரைத்து, தாமே செய்த லென்ஸ் வழியே பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அதில் நெளிந்தோடின. பிறகு காட்டமான வினிகரால் வாயை நன்றாகக் கொப்பளித்தார். பல்லில் இருந்தவை அப்போதும் ஏராளமாகப் பிழைத்திருந்தன. சுரண்டியதைக் கரைத்த நீரில் துளி வினிகர் கலந்ததும் உடனே மடிந்தன. வினிகர் மேலே இருந்தவற்றைத்தான் கொன்றது, உள்ளே இறங்கவில்லை என்ற முடிவுக்கு வந்தார். அவ்வளவு எளிய சோதனை! பாக்டீரியா சேர்ந்து கட்டும் உயிர்ப்படலத்தின் முக்கிய குணம் அதிலேயே வெளிப்பட்டுவிட்டது.

பல் துலக்கிய சில நிமிடங்களிலேயே உமிழ்நீரின் புரதங்கள் எனாமல்மீது மெல்லிய பூச்சாகப் படிந்துவிடும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சாங்குவினிஸ் போன்ற பாக்டீரியாக்கள் அதைத்தான் முதலில் பற்றுகின்றன. தொடக்கத்தில் பிடி தளர்வு. உமிழ்நீரே பலவற்றை அடித்துக்கொண்டு போய்விடும். பாக்டீரியாவின் மேற்பரப்பிலுள்ள புரதங்கள் பலவும் ஒருசேரப் பிடித்துக்கொண்டால் பிறகு லேசில் நகராது. ஃபியூசோபாக்டீரியம் என்ற நீள இனம் முன்னே வந்தவற்றோடும் ஒட்டும், பின்னே வருபவற்றோடும் ஒட்டும். ஈறைக் கெடுக்கும் இனங்கள் பல அதன் தயவில்தான் இடம்பிடிக்கின்றன.

இந்தக் கூட்டத்தைக் கட்டிக்காப்பது அவை சுரக்கும் பிசின். சர்க்கரைச் சங்கிலிகள், புரதங்கள், வெளியே கசிந்த டி.என்.ஏ. எல்லாம் கலந்த கூழ் அது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் அந்தப் பிசினைச் செய்ய நாம் தின்னும் சர்க்கரையையே எடுத்துக்கொள்கிறது, மீதியை அமிலமாக்குகிறது. அமிலத்தன்மை ஏறி பி.எச். அளவு சுமார் 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். சாக்லேட்டைக் காட்டிக் குழந்தைகளை மிரட்டும் நாம், காபியில் போடும் சர்க்கரையைக் கணக்கில் வைப்பதே இல்லை.

படலத்தின் அடியில் உணவும் ஆக்ஸிஜனும் குறைவு. அங்கே உள்ளவை வளர்ச்சியை மட்டுப்படுத்திக் கிடக்கின்றன. வளரும் செல்களைத் தாக்கும் ஆன்டிபயாடிக்குகள் பலவும் அவற்றிடம் தோற்பதற்கு இது ஒரு காரணம். சிறுநீர் வடிக்கச் செருகும் குழாயிலும் செயற்கை மூட்டிலும் இத்தகைய படலம் படிந்தால், மருந்து கொடுத்தும் பலன் இல்லாமல் அந்தக் கருவியையே எடுக்க வேண்டி வருவதுண்டு.

பல்லில் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. மவுத்வாஷை நம்பி பிரஷ்ஷைக் கைவிடாதீர்கள். படலத்தைத் தேய்த்துக் கலைப்பதுதான் வேலைக்கு ஆகும். கால்சியம் ஏறிக் காரையாக இறுகிவிட்டால் பிரஷ்ஷும் பயன்படாது, பல் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.