கதவு சாத்தாத தேவாலயம்

லண்டன் நகரின் நடுவே இருக்கிறது டிராபால்கர் சதுக்கம். அதன் ஓரத்தில், பருத்த தூண்களும் உயர்ந்த கோபுரமுமாக ஒரு தேவாலயம் நிற்கிறது. 1726-ம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது. அதன் பெயர் 'வயல்வெளி புனித மார்ட்டின் தேவாலயம்'. ஒரு காலத்தில் சுற்றிலும் வயல்கள்! இன்று அங்கே பஸ்களும் டாக்சிகளும்தான்.

வீடு இல்லாதவர்களுக்கு அந்தத் தேவாலயம் நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஆதரவு தந்து வருகிறது.

பாதி அங்கி

யார் இந்த மார்ட்டின்? 4-ம் நூற்றாண்டில் ரோமாபுரிப் பட்டாளத்தில் இருந்த குதிரை வீரர். பிரான்சு நாட்டில் உள்ள அமியான் நகர வாசலில், கடுங்குளிரில், ஒரு பிச்சைக்காரன் நடுங்கிக் கொண்டு இருந்தான். மார்ட்டினிடம் காசு இல்லை. வாளை உருவினார். தன் அங்கியை இரண்டாக வெட்டினார். ஒரு பாதியை அவனுக்குப் போர்த்தினார்.

அன்று இரவு அவர் ஒரு கனவு கண்டார். அந்தப் பாதி அங்கியைப் போர்த்திக் கொண்டு ஏசுநாதரே நின்றாராம்! அதன் பிறகே மார்ட்டின் ஞானஸ்நானம் பெற்றார் என்பது வரலாறு.

(சிறு ஆலயத்தை ஆங்கிலத்தில் 'சேப்பல்' என்கிறார்களே, அந்தச் சொல் பிறந்ததே இந்த அங்கியில் இருந்துதான். அங்கியை வைத்திருந்த இடத்துக்கு முதலில் அந்தப் பெயர் வந்தது.)

போர்க்காலம்

1914-ம் ஆண்டு. முதல் உலகப்போர் மூண்டு விட்டது. அந்த நவம்பரில் டிக் ஷெப்பர்டு என்ற பாதிரியார் இங்கே பொறுப்பு ஏற்றார். அவருக்கு வயது 34. ஆஸ்துமா நோயாளி. போர்முனை ஆஸ்பத்திரியில் சிறிது காலம் பணியாற்றி விட்டு வந்தவர்.

பக்கத்திலேயே சேரிங்கிராஸ் ரெயில் நிலையம். போர்முனையில் இருந்து வந்த சிப்பாய்கள் அங்கே வந்து இறங்கினார்கள். உடம்பெல்லாம் சேறு. கண்ணில் தூக்கம். நடுராத்திரியில் எங்கே போவது?

ஷெப்பர்டு தேவாலயத்தின் கதவைத் திறந்து வைத்தார். பகலில் மட்டும் அல்ல, இரவிலும்! ஆலயத்தின் அடியில் நிலவறை உண்டு. அங்கும் ஆட்கள் தங்கினார்கள்.

"சாமி கும்பிடும் இடத்தில் படுக்கையா?" என்று முகம் சுளிப்பவர்கள் எந்த ஊரிலும் உண்டு. ஷெப்பர்டுக்கு அதில் சந்தேகமே எழவில்லை. பசித்தவனையும் அந்நியனையும் ஏற்றுக் கொண்டவன் தன்னையே ஏற்றுக் கொண்டான் என்று ஏசு சொன்னதாக பைபிள் கூறுகிறது. ஷெப்பர்டு அதை அப்படியே எடுத்துக் கொண்டார்.

போர் முடிந்தது. வேலையும் வீடும் இல்லாதவர்கள் வந்தார்கள். கதவு சாத்தப்படவில்லை.

ரேடியோவில் வந்த குரல்

1924 ஜனவரி 6-ந் தேதி இங்கு நடந்த வழிபாட்டை பி.பி.சி. ஒலிபரப்பியது. இங்கிலாந்தில் தேவாலய வழிபாடு ரேடியோவில் வந்தது அதுவே முதல் தடவை. உடல்நலம் கெட்டதால் 1926-ல் ஷெப்பர்டு விலகினார். ஆனால் 1927 முதல், கிறிஸ்துமஸ் தோறும் ஏழைகளுக்காக இந்த ஆலயம் ரேடியோவில் உதவி கேட்டு வருகிறது. இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்த நாட்களில் மக்கள் இதே நிலவறையில்தான் ஒதுங்கினார்கள்.

இப்போது நிலவறையில் சிற்றுண்டிச் சாலை நடக்கிறது. தரையில் பழைய கல்லறைக் கற்கள். அவற்றின் மேல் மேஜை நாற்காலி! லாபம் ஆலயத்துக்குப் போகிறது.

வீடு இல்லாதவனின் கஷ்டம் பசியோடு நிற்பது இல்லை. விலாசம் இல்லாவிட்டால் வேலை கிடைப்பது அரிது. வேலை இல்லாவிட்டால் வாடகை ஏது? அதனால் ஒருவேளை சாப்பாடு மட்டும் போதாது. இந்தச் சிக்கலை அவிழ்த்து, தெருவில் இருந்து ஆட்களை மீட்பதற்கென்றே 2003-ல் ஆலயத்தை ஒட்டித் தனி அமைப்பு ஏற்பட்டது.

ஆனாலும் எல்லோரையும் மீட்க முடிவது இல்லை. ஆண்டுதோறும் நவம்பரில் இந்த ஆலயத்தில் ஒரு வழிபாடு நடக்கிறது. வீடு இன்றி லண்டனில் இறந்து போனவர்களின் பெயர்களை, ஒவ்வொன்றாக, உரக்க வாசிக்கிறார்கள். வாசித்து முடிக்க நெடுநேரம் ஆகிறது.