குறி கெட்டிக்கும் கையில் இருக்கிறது

ஆவடி பேருந்து நிலையத்தில் இறங்கினால், ஊசிமணியும் பாசிமணியும் விரித்து உட்கார்ந்திருக்கும் நரிக்குறவர் பெண்களைப் பார்க்கலாம். அவர்களின் தாத்தாக்கள் தோளில் நாட்டுத் துப்பாக்கியும் இடுப்பில் மருந்துப் பையுமாக ஏரிக்கரைகளைச் சுற்றி வந்தவர்கள். அதே ஊரில் கனரக வாகனத் தொழிற்சாலையின் நீண்ட மதில் ஓடுகிறது. உள்ளே ராணுவத்துக்கு டாங்கிகள் தயாராகின்றன.

நாட்டுத் துப்பாக்கிக்கும் டாங்கிக்கும் என்ன சம்பந்தம்? குழலை விட்டுக் கிளம்பும் குண்டு நினைத்த இடத்தில் போய் விழ வேண்டும். அதற்கு என்ன வழி? இரண்டுக்கும் கேள்வி ஒன்றுதான்.

சுடுபவனே தொழிற்சாலை

போலீஸ் பதிவேட்டில் இந்தத் துப்பாக்கியின் பெயர் எஸ்.பி.எம்.எல். ஒற்றைக் குழல், வாய் வழியாக மருந்து கெட்டிப்பது என்று அர்த்தம். வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்த கருமருந்தை முதலில் குழலுக்குள் கொட்ட வேண்டும். அதன் மேல் துணியோ நாரோ வைத்து அடைத்து, பிறகு ஈயக்குண்டையோ ரவையையோ போட்டு, நீளக் கம்பியால் இடித்து இறுக்க வேண்டும். பின்பக்கம் சிறு முனையில் ஒரு கேப்பு. தீபாவளிக்குப் பிள்ளைகள் வெடிக்கும் கேப்புக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கியின் ‘குதிரை’ என்ற சிறு சுத்தியல் அதன் மேல் விழுந்தால் பொறி உள்ளே பாயும், மருந்து பற்றும்.

இன்றைய தோட்டாவில் இத்தனை வேலையையும் தொழிற்சாலையே முடித்துக் கொடுத்துவிடுகிறது. ஆயிரம் தோட்டாவிலும் ஒரே எடை மருந்து, ஒரே இறுக்கம். வாய்வழித் துப்பாக்கியிலோ சுடுபவனே தொழிற்சாலை. மருந்து ஒரு சிட்டிகை கூடினாலும், கம்பியை ஒரு தடவை அழுத்தமாக இடித்தாலும் குண்டு வேறு இடத்துக்குப் போகும்.

‘ப்ளே இருக்கு!’

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் லேத் பட்டறைகளில் துளைக்கும் தண்டுக்கும் நடுவே இடைவெளி இருந்து ஆட்டம் கண்டால், ‘ப்ளே இருக்கு’ என்று பொருளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பழைய துப்பாக்கிகளின் நோயும் அந்த ‘ப்ளே’தான்.

கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் பூந்தமல்லி ஒரு ராணுவக் கன்டோன்மென்ட். அன்றைய சிப்பாய்களின் கையில் இருந்தது ‘பிரவுன் பெஸ்’ என்ற துப்பாக்கி. அதன் குழல் விட்டம் 0.75 அங்குலம், உள்ளே போகும் குண்டு ஏறக்குறைய 0.69 அங்குலம். ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளியைத் தெரிந்தேதான் விட்டார்கள். நாலைந்து முறை சுட்டதும் கருமருந்தின் கரி குழலின் உட்சுவரில் பிசினாக ஒட்டிக்கொள்ளும். குண்டு இறுக்கமாக இருந்தால் அதற்குப் பிறகு உள்ளே இறங்காது. போர்க்களத்தில் நிமிடத்துக்கு மூன்று முறை சுட வேண்டியவனுக்கு அந்த இடைவெளி தேவைப்பட்டது.

அதற்கு விலையாகக் குறி போயிற்று. குண்டு குழலின் சுவரில் இங்கும் அங்கும் முட்டிக்கொண்டே வெளியேறும். கடைசியாக எந்தப் பக்கம் முட்டியதோ, அதற்கேற்ற சுழற்சியோடு பறக்கும். நூறு கஜத்துக்கு அப்பால் ஒரு தனி ஆளைக் குறிவைத்துச் சுடுவது அதிர்ஷ்டத்தை நம்பிய காரியம். அதனால்தான் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுட்டார்கள்.

கடலூரில் இறந்த கணித மேதை

இந்தச் சுழற்சியின் ரகசியத்தைக் கண்டுபிடித்தவர் உயிர்விட்டது தமிழ்நாட்டில்தான். பெயர் பெஞ்சமின் ராபின்ஸ், இங்கிலாந்துக் கணித அறிஞர். 1742-ல் பீரங்கிக் கலை பற்றி அவர் எழுதிய நூல் ஐரோப்பா முழுக்கப் படிக்கப்பட்டது. கனமான மரக்கட்டையை ஊஞ்சல் போலத் தொங்கவிட்டு அதில் சுடுவார். கட்டை எவ்வளவு தூரம் ஆடியது என்று அளந்து, குண்டின் வேகத்தைக் கணக்கிடுவார்.

அவருடைய இன்னொரு சோதனை கிரிக்கெட் பார்ப்பவர்களுக்குச் சட்டென்று புரியும். ஒரு துப்பாக்கிக் குழலின் நுனியை இடப்பக்கம் வளைத்துவிட்டுச் சுட்டார். குண்டு முதலில் இடப்பக்கம் போய், பறக்கப் பறக்க வலப்பக்கம் வளைந்தது. வளைவில் உரசியதால் உண்டான சுழற்சிதான் அதைத் திருப்பியது. சுழற்பந்து காற்றில் விலகுகிறதே, அதே கதை. அப்படியானால் குழலுக்குள் திருகு வரிகள் வெட்டி, குண்டைப் பம்பரம் போலத் தன் அச்சில் சுழலவிட்டால் அது நேராகப் போகும் என்றார். 1747-ல் இதை லண்டன் ராயல் சொசைட்டியில் விளக்கினார்.

கோட்டைகளைச் சீர்செய்யக் கிழக்கிந்தியக் கம்பெனி அவரை 1750-ல் இங்கே வரவழைத்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் கடலூர் புனித டேவிட் கோட்டையில் காய்ச்சலில் இறந்தார். வயது 44. அவர் சொன்ன திருகுவரித் துப்பாக்கி நூறு ஆண்டு கழித்து ‘என்ஃபீல்டு’ என்ற பெயரில் இந்தியாவுக்கு வந்தது. 1857-ல் சிப்பாய்களைக் கொதிக்க வைத்த கொழுப்புத் தடவிய தோட்டா அதற்குரியதுதான்.

குன்றிமணி கணக்கு

வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கியோடு மான் வேட்டைக்குப் போவது இன்றும் அமெரிக்காவில் சட்டப்படி நடக்கிறது. பென்சில்வேனியா மாநிலம் 1974 முதல் இதற்கென்றே தனிப் பருவம் ஒதுக்குகிறது. அங்கே வேட்டைக்காரர்கள் தங்கள் துப்பாக்கிக்கு ஏற்ற ‘அளவை’த் தேடும் முறை ஒரு தவம் மாதிரி.

மருந்தை அவர்கள் ‘கிரெயின்’ கணக்கில் அளக்கிறார்கள். நம் தட்டார் தராசின் ஒரு குன்றிமணி ஏறக்குறைய 2 கிரெயின். அரை அங்குலக் குழலுக்கு 0.49 அங்குல ஈய உருண்டை, அதைச் சுற்றி எண்ணெய் தோய்ந்த மெல்லிய துணி. இடைவெளியை அடைத்து, திருகு வரிகளைப் பிடித்துக் குண்டைச் சுழற்றுவது அந்தத் துணிதான். 50 கிரெயினில் ஆரம்பித்து மூன்று முறை சுடுவார்கள். பிறகு ஐந்து ஐந்தாகக் கூட்டிக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு முறை சுட்டதும் குழலைத் துடைப்பார்கள். ஒரு நேரத்தில் மருந்தையோ துணியின் தடிமனையோ ஒன்றை மட்டும்தான் மாற்றுவார்கள். மூன்று ஓட்டைகளும் எந்த அளவில் நெருங்கி விழுகின்றனவோ, அதுதான் அந்தத் துப்பாக்கியின் அளவு. அடுத்த துப்பாக்கிக்கு அது பொருந்தாது. இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்தை இதில் போட்டால் குழல் வெடித்து, சுடுபவனுக்கே ஆபத்து.

மருந்தைக் கூட்டினால் குறி கூடும் என்பது பலருடைய நினைப்பு. பல நேரம் நடப்பது தலைகீழ். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் ஒரு சிற்றுண்டித் தட்டு அகலம். அதற்குள் எத்தனை கஜம் வரை தன்னால் தப்பாமல் அடிக்க முடியும் என்று தெரிந்தவன், அதற்கு அப்பால் சுடமாட்டான். தப்பினால் காயத்தோடு ஓடிப்போய் எங்கோ கிடந்து சாகும் மான் அவன் கணக்கில்தான் சேரும்.

மதிலுக்குள் ஒரு திருப்பம்

ஆவடித் தொழிற்சாலையில் 1965-ல் உருவான விஜயந்தா டாங்கியின் பீரங்கிக்குள் திருகு வரிகள் இருந்தன. இங்கேயே வடிவமைக்கப்பட்ட அர்ஜுனின் 120 மி.மீ. பீரங்கியிலும் உண்டு. ஆனால் இதே தொழிற்சாலையில் தயாரான அஜேயா, பீஷ்மா டாங்கிகளுக்கு 125 மி.மீ. வழவழப்புக் குழல். அவற்றின் கவசம் துளைக்கும் குண்டு நீண்ட அம்பு போன்றது. வாலில் சிறகு இருப்பதால் அதற்குச் சுழற்சி வேண்டாம். அந்தப் பீரங்கியில் குண்டு தனி, மருந்து தனி. இரண்டையும் இயந்திரம் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே தள்ளுகிறது. வழவழப்புக் குழல், தனித்தனியாகக் குண்டும் மருந்தும் என்று பார்த்தால், நாட்டுத் துப்பாக்கிக்கு அது தூரத்து உறவுதான்.

கிட்டே போகும் வித்தை

நரிக்குறவர்களின் துப்பாக்கியிலும் திருகு வரி கிடையாது. பெரும்பாலும் போடுவது ரவை. தூரம் கூடக் கூட ரவை சிதறிக்கொண்டே போகும். அந்தக் குறையைத் துப்பாக்கியில் சரிசெய்ய அவர்களிடம் பட்டறை இல்லை. அதனால் தங்கள் உடம்பால் சரிசெய்தார்கள். நரி போல ஊளையிட்டு நரியை வரவழைத்தார்கள். பறவையின் குரலில் கூப்பிட்டுப் பறவையை இறக்கினார்கள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, மடையான் எப்போது தலையைத் தூக்கும் என்று தெரிந்து, ஓசையில்லாமல் நெருங்கினார்கள். அமெரிக்கன் கிரெயின் கிரெயினாகத் தேடும் குறியை இவர்கள் அடி அடியாகத் தேடினார்கள்.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அப்போதும் உரிமம் வாங்கி வேட்டையாட வழி இருந்தது. 1991-ல் வந்த திருத்தம் அதையும் அடைத்தது. கிண்டியில் மேயும் வெளிமானைச் சுட்டால் இன்று குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. குடகு நாட்டுக் கொடவர்களுக்குத் துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் தேவையில்லை என்ற விலக்கு வெள்ளைக்காரர் காலத்திலிருந்து தொடர்கிறது. அவர்களுக்கும் வேட்டைக்கு அனுமதி இல்லை. ஜவ்வாது மலையிலும் கல்வராயன் மலையிலும் உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லிப் போலீஸ் அவ்வப்போது அறிவிக்கிறது.

சட்டம் சரியானதுதான். மான்கள் மிஞ்சியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் தொழிலை நிறுத்தச் சொன்ன வேகத்தில் மாற்றுத் தொழில் வரவில்லை. 2022 ஏப்ரலில் அப்போதைய முதலமைச்சர் ஆவடி நரிக்குறவர் குடியிருப்புக்கு வந்து, ஒரு வீட்டில் காலைச் சிற்றுண்டி சாப்பிட்டார். அந்த ஆண்டு டிசம்பரில்தான் நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. வேட்டைக்கான கடைசிக் கதவு மூடி 31 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஆவடியின் பருத்திப்பட்டு ஏரி சீரமைக்கப்பட்டு, 2019-ல் பசுமைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. பைனாகுலரும் நீள லென்ஸுமாகப் பறவை பார்க்க வருகிறவர்களுக்கு அங்கே பெரிய சவால், பறவை எழுந்து பறக்காமல் அதன் கிட்டே போவதுதான். மணி விற்றுக்கொண்டிருக்கும் குடும்பங்களில் அந்த வித்தை தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வழிகாட்டி வேலைக்கு ஆள் எடுக்கும்போது வனத்துறை முதலில் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டலாம். துப்பாக்கி போனால் போகட்டும். அது செய்த வேலையில் பாதியைச் செய்தது அவர்கள் கால்கள்தானே!